பெயரும் பேரேடும்

ஆட்டக்காரன் ஒருவன் மேடையிலே நொண்டிக் காட்டி, உடலைக் கோணிக் காட்டிப் பாடிய ஒரு கேலிப் பாட்டு. அந்தப் பாட்டிலே வந்த ஒரு கற்பனைப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தின் பெயரே ஒரு வல்லரசின் சட்டங்களுக்குப் பெயராக அமைந்தது என்று சொன்னால், "இவர் நாடகக்காரர், கதை கட்டுகிறார்" என்று எண்ணத் தோன்றும், தோழர்களே! கதையல்ல, அமெரிக்க நாட்டிலே நடந்த வரலாறு அது.

1830ஆம் ஆண்டை ஒட்டிய காலம். தாமஸ் ரைஸ் என்றொரு வெள்ளை நடிகன். தக்கையைச் சுட்டுக் கரியாக்கி முகத்திலே அப்பிக்கொண்டான். கந்தலை உடுத்திக்கொண்டான். கறுப்பு அடிமை ஒருவனாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, துள்ளினான், துவண்டான், பல்லிளித்தான், பாடினான். அந்தப் பாத்திரத்துக்கு அவன் இட்ட பெயர் 'ஜிம் க்ரோ'. க்ரோ என்றால் காக்கை!

கொட்டகை சிரித்தது, காசு குவிந்தது. ஒருவன் செய்ததை ஒன்பது பேர் செய்தனர், ஒன்பது பேர் செய்ததை ஊரெல்லாம் செய்தது. வெள்ளையர் கரி பூசிக் கறுப்பராக வேடமிட்டு ஆடும் 'மின்ஸ்ட்ரல்' கூத்து என்றே ஒரு தனிக் கலை வகை பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேடையிலே கொடிகட்டிப் பறந்தது. சோம்பேறி, திருடன், கோமாளி, எசமானன் இல்லாவிடின் வழி தெரியாது விழிப்பவன் — இவனே கறுப்பன் என்று மேடை சொல்லிற்று. கறுப்பர் ஒருவரோடு ஒரு வார்த்தை பேசியறியாத வெள்ளையனும், "கறுப்பரை நான் அறிவேன்" என்று கூறிக்கொண்டே கொட்டகையை விட்டு வெளியேறினான்.

1865இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. சங்கிலி அறுந்தது, ஆனால் சங்கிலியைப் பிடித்திருந்த கை சும்மா இருக்குமா? தொடர்வண்டியிலே தனிப் பெட்டி, பள்ளியிலே தனிக் கட்டடம், தாகத்துக்குத் தண்ணீர் தரும் குழாயிலும் தனிக் குழாய் என்று தென்மாநிலங்கள் சட்டம் செய்தன. "தனித்தனியே இருப்பினும் சமமே" என்று 1896இல் உச்சநீதிமன்றம் அதற்கு ஒப்புதல் முத்திரையும் குத்திற்று. அந்தச் சட்டங்களுக்கு நாட்டார் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? ஜிம் க்ரோ சட்டங்கள்!

கோமாளிக்கு இட்ட பெயர், கொடுவாளுக்கு இட்ட பெயராயிற்று. பள்ளியிலே அந்தக் கொடுவாளைப் பறிக்கும் தீர்ப்பு வர 1954 வரையிலும், பொது இடங்களிலே பறிக்கும் சட்டம் வர 1964 வரையிலும் அந்த மக்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தார்களா? இல்லை, போராடிக்கொண்டிருந்தார்கள்.

இதிலே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரு மக்களை மிதிக்க வருபவன், முதலிலே அவர்களுடைய பெயரைப் பறிக்கிறான். பிறகு பொருளைப் பறிக்கிறான். பெயரைப் பறித்துவிட்டால், பொருளைப் பறிக்கும்போது கேள்வி கேட்க ஆளிராது. ஆகவே, எழுந்து நிற்க விரும்பும் மக்கள் இரண்டைக் கேட்டாக வேண்டும். தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளும் உரிமை ஒன்று; பேரேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை மற்றொன்று. பெயர் மட்டும் கிடைத்தால் அது வெறும் பட்டயம். பேரேடு மட்டும் கிடைத்தால் அது வெறும் கூலி. இன்னும் ஒன்று: பேரேட்டைத் திறந்தால் பிறன் நமக்குத் தர வேண்டிய கடன் மட்டுமா தெரியும்? நாம் நம்மவர்க்குத் தர வேண்டிய கடனும் தெரியும். அந்தப் பக்கத்தையும் படிக்கும் துணிவு வேண்டும்.

இந்த மூன்றையும் கறுப்பின மக்களின் இசை வரலாற்றைக் கொண்டே காட்ட முற்படுகிறேன்.

கரி பூசிய கறுப்பர்

பெர்ட் வில்லியம்ஸ் என்றொரு மாபெரும் நகைச்சுவை நடிகர்; பாடகரும்கூட. பகாமா தீவிலே பிறந்து அமெரிக்க மேடையிலே புகழ்பெற்றவர். 1910இல் நியூயார்க் நகரின் பெயர்பெற்ற சீக்ஃபெல்டு நாடக அரங்கிலே, வெள்ளை நடிகர்களுக்கு இணையாக இடம்பெற்றவர். பிறப்பாலே கறுப்பர். ஆயினும், மேடையேறுமுன் அவரும் கரி பூசிக்கொண்டார்! ஏன்? அவருடைய நிறம் சற்று வெளுப்பு. வெள்ளைக்காரன் வரைந்து வைத்த கறுப்பனைப் போல அவர் இல்லை. கறுப்பர் ஒருவர், கறுப்பராகத் தோன்றக் கரி பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. நாடகம் எழுதிப் பிழைக்கும் என் போன்றோர்க்கு இதனினும் கொடிய காட்சி ஒன்றைக் கற்பனை செய்யவும் இயலாது. தன் முகத்தை அணிந்துகொண்டு தன் மேடையிலே நிற்கும் உரிமைகூட ஒருவனுக்கு இல்லை!

பாட்டின் பொருளையும் பிறரே தீர்மானித்தனர். பருத்திக் காட்டிலே அடிமைகள் பாடினர். கேட்ட வெள்ளையர், "பார், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!" என்றனர். அடிமைத் தளையிலிருந்து தப்பியோடி வந்த பிரடெரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன் வரலாற்றிலே இந்தப் பொய்யைக் கிழித்தெறிந்தார். அவை களிப்பின் பாடல்கள் அல்ல. நெஞ்சம் வெந்து எழுந்த ஓலங்கள் என்று எழுதினார். கண்ணீரையே காட்டிக் களிப்பு என்று கணக்கெழுதிய கொடுமைக்கு, கண்ணீர் விட்டவரே வந்து மறுப்பு எழுத வேண்டியதாயிற்று.

பிறகு 1871. நாஷ்வில் நகரிலே, விடுதலை பெற்ற மக்களுக்கென 1866இல் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகம், பணமின்றித் தள்ளாடிக்கொண்டிருந்தது. பாட்டுக் குழு ஒன்று புறப்பட்டது. இளைஞரும் இளம் பெண்களுமாக ஒன்பது பேர். பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தோர். முதலிலே அவர்கள் வெள்ளையர் விரும்பும் பாடல்களையே பாடினர். தாய் தந்தையர் இருளிலே கூடிப் பாடிய பாடல்களைக் கூலி மேடையிலே பாட அவர்கள் மனம் கூசிற்று. அடிமை நாளின் நினைவு. அதைவிட, வழிபாட்டின் புனிதம். கடைசியிலே பாடினர். கரி பூசவில்லை. கந்தல் உடுத்தவில்லை. பல்லிளிக்கவில்லை. நேராக நின்று, தம் முகத்தோடு, தம் குரலோடு, தம் பாட்டைப் பாடினர். வெள்ளை மாளிகை கேட்டது. 1873இல் விக்டோரியா அரசியும் கேட்டார். அவர்கள் ஈட்டி அனுப்பிய பணத்தாலே எழுந்த 'ஜூபிலி மண்டபம்' இன்றும் அங்கே நிற்கிறது.

பெயரும் மீண்டது, பொருளும் வந்தது, பொருள் கல்விக்குச் சென்றது! அந்த ஒன்பது பேர் கொள்கை விளக்கக் கூட்டம் நடத்தவில்லை. ஆனால் அவர்கள் நின்ற நிலையே ஒரு கொள்கை.

அந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலே பின்னாளில் பயின்றவர்தாம் அறிஞர் டு பாய்ஸ். 1903இல் அவர் எழுதிய, கறுப்பின மக்களின் ஆன்மாவைப் பற்றிய பெருநூலிலே, ஒவ்வோர் இயலின் தலைப்பிலும் அந்தத் துயரப் பாடல்களின் இசைக் குறிப்புகளைப் பொறித்து வைத்தார். நூலறிவுக்கு முன்னே மக்களின் பாட்டு நிற்கட்டும் என்றார் போலும்!

ஓர் எழுத்துக்காக ஒரு போர்

ஆங்கிலத்திலே சிறப்புப் பெயர்களின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவது மரபு. தமிழுக்கு அந்த வேற்றுமை இல்லை. ஆகவே அந்த அவமானத்தின் ஆழம் நமக்கு எளிதிலே விளங்காது. பிரெஞ்சுக்காரன் என்று எழுதப் பெரிய எழுத்து. ஜெர்மானியன் என்று எழுதப் பெரிய எழுத்து. 'நீக்ரோ' என்று எழுதும்போது மட்டும் சிறிய எழுத்து! நாடு பெயரிட்டழைக்கும் மனிதக் கூட்டத்தை, நாற்காலி மேசையை எழுதுவதுபோல எழுதினர். டு பாய்ஸ் போன்றோர் ஆண்டுக்கணக்கிலே வாதாடினர். 1930இல்தான் நியூயார்க் டைம்ஸ் ஏடு இணங்கிற்று. பின்னர் அந்தச் சொல்லையே அம்மக்கள் வேண்டாமென ஒதுக்கி, 'கறுப்பர்' என்ற சொல்லைத் தாமே எடுத்துக்கொண்டனர். அந்தச் சொல்லுக்குப் பெரிய எழுத்து எப்போது வந்தது? அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் நியூயார்க் டைம்ஸ் ஏடும் அதை ஏற்றது 2020இல்! ஓரெழுத்து உயர 1930. மற்றோரெழுத்து உயர இன்னுமொரு தொண்ணூறு ஆண்டு!

"ஓர் எழுத்திலே என்ன இருக்கிறது?" என்று கேட்போர் உண்டு. ஒன்றுமில்லையென்றால், கொடுப்பதற்கு ஏன் அத்தனை ஆண்டு தயங்கினர்?

இசைக்கும் இதே கதி. 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பின மாது பாடிய இசைத்தட்டு விற்றுத் தள்ளிற்று. "ஓகோ, இந்த மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்களா!" என்று கண் விழித்த வணிகர், அத்தகைய தட்டுகளுக்கு 'இனத் தட்டுகள்' என்று பெயரிட்டுத் தனி அலமாரியிலே வைத்தனர். 'பில்போர்டு' என்ற வணிக ஏடு வெளியிட்ட விற்பனைப் பட்டியலின் பெயரைப் பாருங்கள்: 1945இல் 'இனத் தட்டுகள்', 1949இல் 'ரிதம் அண்ட் புளூஸ்', 1969இல் 'சோல்', 1982இல் 'கறுப்பு', 1990இல் மீண்டும் 'ரிதம் அண்ட் புளூஸ்'. இதற்கிடையே 'நகர்ப்புற இசை' என்றொரு பூசி மெழுகிய பெயர் வேறு. பாடியவர் அதே மக்கள். பெயர் மட்டும் கடைக்காரன் கையிலே!

பத்து ஷில்லிங்கும் பல கோடியும்

இனிப் பேரேட்டைத் திறப்போம்.

1939. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகர். சாலமன் லிண்டா என்ற சூலு இனத்துப் பாடகர் தம் குழுவினரோடு ஒரு பாட்டைப் பதிவு செய்தார். பாட்டின் பெயர் 'ம்பூபே'. சிங்கம் என்று பொருள். அவர் அந்த இசைத்தட்டு நிறுவனத்திலேயே தட்டுகளைப் பொட்டலம் கட்டும் தொழிலாளி. தம் பாட்டைத் தாமே பொட்டலம் கட்டினார்! பாட்டின் உரிமைக்கு அவர் பெற்றது பத்து ஷில்லிங்.

பாட்டு கடல் கடந்தது. அமெரிக்கக் குழு ஒன்று அதன் சூலு மொழிச் சொல்லைத் தவறாகக் காதில் வாங்கி, 'விமோவே' என்று பாடிற்று; புகழ் பெற்றது. 1961இல் மற்றொரு குழு, ஆங்கில வரிகள் சேர்த்து, 'சிங்கம் இன்றிரவு உறங்குகிறது' என்ற பெயரிலே பாடிற்று, உலகமே முணுமுணுத்தது. 1994இல் டிஸ்னியின் சிங்கப் படத்திலும் அது ஒலித்தது. பாட்டைப் படைத்தவரோ, 1962இல் வறுமையிலே மாண்டார்.

பீட் சீகர் என்ற அமெரிக்கப் பாடகர், உண்மை அறிந்து ஆயிரம் டாலர் அனுப்பச் செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது அவருடைய நல்லுள்ளம். ஆனால் நல்லுள்ளம் வேறு, நீதி வேறு, தோழர்களே! நல்லுள்ளம் கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. நீதி கேட்டுப் பெறுவது.

அந்த நீதி எப்படி வந்தது? பிரிட்டிஷ் பேரரசின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலே மறந்து கிடந்த ஒரு விதி: ஆக்கியோன் மறைந்து 25 ஆண்டு கழிந்தால், அவர் விற்றுவிட்ட உரிமை அவருடைய வாரிசுகளுக்குத் திரும்பும். பேரரசின் சட்டத்தைக் கொண்டே பேரரசின் பிள்ளைகளைக் கேள்வி கேட்டனர். லிண்டாவின் பெண்மக்களுக்காக 2004இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006இல் சமரசம் ஏற்பட்டு, பங்கு கிடைக்க வழி பிறந்தது. 67 ஆண்டு!

"தொலைவான ஆப்பிரிக்காவிலே நடந்தது அது" என்பீர்களா? வாருங்கள் நியூயார்க்குக்கு. 1955இல் சக் பெர்ரி தாம் எழுதிய முதல் வெற்றிப் பாட்டின் தட்டைப் பார்த்தபோது, ஆக்கியோர் பெயர் வரிசையிலே, பாட்டை எழுதாத ஒரு வானொலி அறிவிப்பாளரின் பெயரும் அமர்ந்திருந்தது. வானொலியிலே பாட்டு ஒலிக்க வேண்டுமே, அதற்கான விலை! அந்தப் பெயர் நீங்க 1986 வரை ஆயிற்று.

ரூத் பிரவுன் என்றொரு பாடகி. 1950களிலே அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தை உயர்த்தியவர் அவரே. அந்த நிறுவனத்தை 'ரூத் கட்டிய வீடு' என்றே அழைத்தனர். கட்டியவருக்கு அந்த வீட்டிலே ஒரு திண்ணையாவது கிடைத்ததா? புகழ் மங்கிய நாளிலே பிள்ளைகளை வளர்க்க, பிறர் வீட்டிலே வேலை செய்தார். பள்ளிப் பேருந்து ஓட்டினார். தட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. "என் பங்கு எங்கே?" என்று கேட்டபோது கிடைத்த விடை: "நீதான் எங்களுக்குக் கடன்!"

எப்படி இந்த மாயம்? பாடல் பதிவுச் செலவு, இசைக்குழுவின் கூலி, கொடுத்த முன்பணம், இவை யாவும் பாடியவரின் பற்றுப் பக்கத்திலே ஏறும். விற்பனையிலே அவருக்குரிய சிறு விழுக்காடு வரவுப் பக்கத்திலே சொட்டும். பற்று முழுதும் தீர்ந்த பிறகே கையிலே காசு. கணக்கை எழுதுவோன் நிறுவனத்தான்; சரிபார்ப்போன் எவனுமில்லை. கந்துவட்டிக்காரனின் சிட்டைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ரூத் பிரவுன் அழுதுகொண்டு வீட்டிலே உட்காரவில்லை. வழக்கறிஞரைத் தேடினார்; செய்தியாளரிடம் பேசினார்; சட்டமன்றத்தார் முன் முறையிட்டார். நிறுவனம் தன் நாற்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடிய 1988இல், அவருக்கும் அவரைப் போன்ற பழங்கலைஞர் பலருக்கும் எழுதி வைத்திருந்த கடனைக் கிழித்தெறிய இசைந்தது. நலிந்த கலைஞர்க்கு உதவும் அறக்கட்டளை ஒன்றுக்கும் பணம் அளித்தது. ஒரு பெண் தனக்காகக் கேட்டாள், பலருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு அதே ரூத் பிரவுன், நாடக மேடையின் உயர்பரிசான 'டோனி' விருதையும் பெற்றார் என்பதை, நாடகக்காரன் என்ற முறையிலே பெருமையோடு சேர்த்துச் சொல்கிறேன்.

"இசைக்கு நிறம் உண்டா? கலையிலே அரசியலைப் புகுத்துகிறீர்களே!" என்று சில மேதாவிகள் முகம் சுளிப்பர். இசைக்கு நிறமில்லை, ஐயா! அதை நானும் அறிவேன். தூக்கிலிடப்பட்ட கறுப்பர் உடல்களைப் பற்றிய பாட்டை 1939இல் பில்லி ஹாலிடே பாடினார். எழுதியவர் யூதரான ஓர் ஆசிரியர். கலந்து வளர்வதே கலை. ஆனால் இசைக்கு நிறமில்லை என்று பேசுவோரே, பேரேட்டுக்கு மட்டும் ஏன் நிறமிருந்தது? அதற்கு விடை சொல்லுங்கள்.

கேட்டவரின் கணக்கைத் தீர்க்க முயன்றோர்

அந்தப் பில்லி ஹாலிடேயின் பாட்டைப் பதிவு செய்ய, அவர் ஒப்பந்தமிட்டிருந்த கொலம்பியா நிறுவனம் மறுத்துவிட்டது. சிறு நிறுவனம் ஒன்று துணிந்து வெளியிட்டது. அதே 1939இல், பாடகி மேரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டன் நகரின் பெரிய மண்டபம், நிறத்தைக் காரணமாகக் கொண்டு மறுக்கப்பட்டது. மண்டபக் கதவு மூடப்பட்டது. லிங்கனின் நினைவு மாடத்தின் படிகள் திறந்தே இருந்தன. ஏப்ரல் 9ஆம் நாள், 75,000 மக்கள் முன் அவர் பாடினார்.

பால் ராப்சன்! நடிகர், பாடகர், வழக்கறிஞர் பட்டம் பெற்றவர், விளையாட்டு வீரர், போராளி. மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற நாடகப் பாட்டிலே, களைத்துப்போன கறுப்புத் தொழிலாளியின் சலிப்பைப் பேசிய அடியை, இறுதிவரை போராடுவேன் என்று பேசும் அடியாக மாற்றிப் பாடினார். பிறன் எழுதித் தந்த வசனத்தைத் தன் வசனமாக்கிக்கொண்டார். உரிமை பேசினார், உலக அமைதி பேசினார். விளைவு? 1950இல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தனர். எட்டு ஆண்டு நாட்டை விட்டு வெளியேற விடவில்லை. கணக்குக் கேட்டவரின் கணக்கையே தீர்த்துவிடப் பார்த்தனர்! 1957இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் தம் விழாவுக்கு அவரை அழைத்தனர். ஆள் போக முடியாது. குரல் போகலாமே! அட்லாண்டிக் கடலடியிலே கிடந்த தொலைபேசிக் கம்பி வழியே பாடினார். கடவுச்சீட்டைப் பறிக்கலாம், குரலைப் பறிக்க முடியாது என்பதைக் கடலே சாட்சியாக நின்று கேட்டது.

உள்வீட்டுக் கணக்கு

1940களிலே கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் அறிஞர் இருவர், கறுப்புக் குழந்தைகள் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்து, "எது நல்ல பொம்மை?" என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே அந்த ஆராய்ச்சியும் மேற்கோளாயிற்று. பிறன் சூட்டிய பெயர் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளே புகுந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த நஞ்சை முறிக்கவே, மால்கம் என்பார் அடிமை எசமானன் விட்டுச்சென்ற குடும்பப் பெயரை உதறி, 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்தை ஏந்தினார். தெரியாத முன்னோரின் பெயருக்கு அது அடையாளம். 1968இல் ஜேம்ஸ் பிரவுன், "நான் கறுப்பன், அதிலே பெருமை கொள்பவன்" என்ற கருத்தை ஊர்கேட்க உரத்துப் பாடினார். சிறுவர் கூட்டம் பின்பாட்டுப் பாடிற்று. கறுப்பு என்பது வசைச் சொல்லாக இருந்த நாட்டிலே, அதையே வாகையாகச் சூடினர்.

ஆனால், தோழர்களே, பெயர் சூட்டு விழாவோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பெருமைப்படத்தக்க ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டவன், அந்தப் பெயருக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவன். இங்கேதான் கசப்பான பக்கம் வருகிறது. கசப்பென்று தள்ளிவிடாதீர்கள், மருந்து இங்கேதான் இருக்கிறது.

ஆர். கெல்லி என்றொரு கறுப்பினப் பாடகர். 1996இல் அவர் பாடிய, சிறகடித்துப் பறப்பதைப் பற்றிய பாட்டு, தேவாலயங்களிலும் பள்ளி விழாக்களிலும் ஒலித்தது. சிறுமியரைச் சீரழிக்கிறார் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக அவரைத் தொடர்ந்தது. 2008இல் சிகாகோ நீதிமன்றத்திலே விடுவிக்கப்பட்டார். இசை நிறுவனமோ தட்டு விற்பதை நிறுத்தவில்லை. பாதிக்கப்பட்டோர் பெரும்பாலும் யார்? கறுப்பினச் சிறுமியர், கறுப்பின இளம் பெண்கள்.

அவர்கள் பேச முற்பட்டபோது கேட்ட குரல் என்ன? "நம் இனத்து மேதையை நாமே காட்டிக் கொடுப்பதா? வெள்ளையன் கையிலே கல்லை எடுத்துக் கொடுப்பதா? வீட்டுக் குப்பையைத் தெருவிலே கொட்டுவதா?"

நியாயம்போல் ஒலிக்கும் வாதம். நெஞ்சைத் தொடும் வாதமும்கூட. வெள்ளையன் ஒருவன் குற்றம் செய்தால் அது அவனுடைய குற்றம். கறுப்பன் ஒருவன் செய்தால் அது இனத்தின் குற்றம் என்று எழுதும் உலகம் இது. பொய்க் குற்றம் சாட்டப்பட்டு மரத்திலே தொங்கவிடப்பட்ட கறுப்பர் எத்தனை பேர்! அந்த நினைவு உள்ளவர் தயங்குவதை நான் இகழமாட்டேன். ஆனால் கேட்கிறேன்: அந்தச் சிறுமி கறுப்பினமில்லையா? பெருமைப் பாட்டிலே அவளுக்குப் பங்கில்லையா? இனத்தின் மானம் என்பது பாடகனின் புகழா, பாதிக்கப்பட்டவளின் கண்ணீரா?

2017இல் அட்லாண்டா நகரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் இருவர், அவருடைய பாட்டை நிறுத்துக, நிகழ்ச்சிகளைக் கைவிடுக என்று இயக்கம் தொடங்கினர். 2019இல் கறுப்பினப் பெண்மணி ஒருவர் முன்னின்று தயாரித்த ஆவணப்படத்திலே, பாதிக்கப்பட்டோர் முகம் காட்டிப் பேசினர். இசை நிறுவனம் அதற்குப் பிறகே விலகிற்று. 2021 செப்டம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2022இல் 30 ஆண்டுச் சிறை விதித்தது.

அந்தக் கதவைத் தட்டியது எவர் கை? இனத்தைத் தூற்றக் காத்திருந்தவர் கையன்று. இனத்தின் மகளிர் கை. ஆகவே அது காட்டிக் கொடுத்தலன்று, காப்பாற்றுதல். குப்பையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் மானம் மணக்குமா, வீடு நாறுமா? தன் குற்றத்தைத் தானே கேட்காத மக்களுக்குப் பெயர் சூட்டப் பிறன் வந்து நிற்பான். அவன் கையிலே மீண்டும் சுட்ட தக்கைக் கரி இருக்கும்.

கறுப்புக் கட்டம்

2020 மே 25. மினியாபொலிஸ் நகரிலே ஜார்ஜ் ஃபிளாய்டு, காவலன் ஒருவனின் முழங்காலுக்கு அடியிலே மூச்சடங்கி மாண்டார். நாடு கொதித்தது. இசைத் தொழிலிலே பணியாற்றும் கறுப்பினப் பெண்கள் இருவர், "ஒரு நாளாவது இந்தத் தொழில் நிற்கட்டும், கறுப்பர் உழைப்பிலே கொழுத்தவர் கணக்குச் சொல்லட்டும்" என்ற கருத்திலே அழைப்பு விடுத்தனர். ஜூன் 2ஆம் நாள் கோடிக்கணக்கான கைப்பேசித் திரைகளிலே கறுப்புக் கட்டம் ஒன்று தோன்றிற்று. கணக்குக் கேட்ட குரல், கட்டத்துக்குள்ளே அமுங்கிப் போயிற்று என்று அப்போதே பலர் வருந்தினர்.

அந்த மாதமே ரிபப்ளிக் நிறுவனம் 'நகர்ப்புற இசை' என்ற சொல்லைக் கைவிட்டது. கிராமி விருதுக் குழுவும் தன் விருது ஒன்றின் பெயரிலிருந்து அதை எடுத்தது. நல்லது, வரவேற்போம். ஆனால் பெயர்ப் பலகையை மாற்றுவது எளிது, பேரேட்டைத் திறப்பதுதான் கடினம். 2021இல் சோனி நிறுவனம், 2000ஆம் ஆண்டுக்கு முன் ஒப்பந்தமிட்ட கலைஞர்களின் தீராத பழங்கடனை இனிவரும் வருமானத்திலே பிடிப்பதில்லை என்று அறிவித்தது. 2022இல் வார்னரும் யுனிவர்சலும் பின்தொடர்ந்தன. எந்த நிறத்தவராயினும் அந்தக் காலக் கலைஞர் அனைவருக்கும் பயன் தரும் ஏற்பாடு அது. ரூத் பிரவுன் 1988இலே வென்ற நீதி, பெரு நிறுவனங்களின் பொது வழக்கமாக மாற மேலும் முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று! போன பணம் திரும்பவில்லை; பதிவுகளின் உடைமையும் கைமாறவில்லை. கடன் பக்கத்தைக் கிழித்தார்கள். களவுப் பக்கம் இன்னும் பேரேட்டிலேயே இருக்கிறது.

ஆகவே, எழுச்சி பெறும் எந்த மக்களிடத்தும், எந்த இயக்கத்தினிடத்தும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள், தோழர்களே! உங்களுக்குப் பெயர் சூட்டியவர் யார்? உங்கள் உழைப்பின் கணக்கை எழுதுபவர் யார்? உங்களுக்குள்ளே எளியவர், உங்களையே கேள்வி கேட்டால், எழுந்து நின்று விடை சொல்பவர் யார்? முதற் கேள்விக்கு முழக்கமிட்டு விடை சொல்வோர் பலர். இரண்டாவதற்கு வழக்கு மன்றம் ஏறி விடை தேடுவோர் சிலர். மூன்றாவதற்குத் தலைகுனியாமல் விடை சொல்வோரே விடுதலைக்கு உரியவர்.

கரி பூசிய வேடத்தை ஒன்பது இளைஞர் நேராய் நின்று கலைத்தனர். பேரேட்டின் பொய்யைப் பேருந்து ஓட்டிய பெண்ணொருத்தி கலைத்தாள். உள்வீட்டு மௌனத்தை மகளிர் இருவர் கலைத்தனர். படையில்லை, பட்டாளமில்லை, இருந்ததெல்லாம் "கணக்கைக் காட்டு" என்ற ஒரு சொல். அந்தச் சொல்லை வெளியாரிடம் சொல்லும் துணிவும், வீட்டாரிடம் சொல்லும் நேர்மையும் எவரிடம் உண்டோ, அவர் சூட்டிக்கொள்ளும் பெயரே நிலைக்கும்!